ஒன்றும் போடாத குடுவை

புதிதாக வந்திருப்பவர்களே,

முதல் வாரத்தில் உங்களுக்கு எல்லாவற்றையும் காட்டியிருப்பார்கள். எதைத் தொட்டால் சுடும், எதைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், எந்தப் பதிவேட்டில் எந்த நிற மையில் எழுத வேண்டும். அவற்றை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. ஈஸ்ட்டோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வு வயது வருமுன்பே எழுந்து வந்துவிட்டவள் நான். ஓரிடத்தில் அதிக நேரம் உட்கார எனக்கு வராது. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். மூன்று மாதம் நான் ஒரு தவறைச் செய்தேன். கவனக்குறைவாக அல்ல. மிகுந்த கவனத்தோடு, ஒரு நாள்கூட விடாமல், கோடு போட்ட நோட்டில் அழகான கையெழுத்தில் செய்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஆய்வகம் செராஸ் சாலையில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சன்னலைத் திறந்தால் ரயில்பாதை. காலையில் மினி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு புடு ராயா பேருந்து நிலையம், அங்கே இறங்கி இன்னொரு மினி பஸ். அறையில் பேச யாரும் இல்லை. ஆய்வகத்தில் என் வேலை எல்லாம் ஷேக்கர் அறையில். அங்கே வரிசை வரிசையாகக் குடுவைகள் இரவும் பகலும் வட்டமாக ஆடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தோடு நான் பேசியிருக்கிறேன். உங்களில் சிலரும் பேசுவீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் ஈஸ்ட்டை நானே காப்பார் என்ற ஊரிலிருந்து கொண்டுவந்தேன். அங்கே ஒரு எண்ணெய்ப்பனை ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளம். பழுப்பு நிறம், நாற்றம், மேலே எண்ணெய்ப் படலம். ஆனால் ஒரு மூலையில் மட்டும் எண்ணெய் உடைந்து, பாலாடைபோல நுரைத்து, கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது. சோப்பு போட்டுக் கழுவிய மாதிரி. அந்த நுரையைச் சீசாவில் அள்ளி வந்து, தட்டில் தடவி, வளர்ந்ததைப் பிரித்துப் பிரித்து, கடைசியில் ஒரு ஈஸ்ட் கிடைத்தது. அது எண்ணெயைத் தின்றுவிட்டுத் தனக்கென ஒரு வகைச் சோப்பைச் செய்துகொள்ளும். கெட்டியான, தேன்போன்ற, பழுப்பு நிறச் சோப்பு.

ஆனால் எப்போதும் செய்யாது. அதுதான் சிக்கல். நைட்ரஜன் இருக்கும்வரை அது பெருகிக்கொண்டே இருக்கும். சோப்பின் நினைப்பே வராது. நைட்ரஜன் தீர்ந்து, பெருக வழியில்லாமல், தனியாக நிற்கும்போதுதான் செய்யத் தொடங்கும். உள்ளே எங்கோ ஒரு மரபணு, ஒரு கட்டளை, கதவை மூடி வைத்திருந்தது. அந்தக் கதவை உடைத்துவிட்டால் ஈஸ்ட் பெருகிக்கொண்டே சோப்பும் செய்யும், ஆலைக்கழிவிலிருந்து டன் கணக்கில் எடுக்கலாம் என்பது எங்கள் கனவு. இன்று நீங்கள் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்கிறீர்கள். எங்களிடம் இருந்தது ஒரு புற ஊதா விளக்கு. அதன் அடியில் ஈஸ்ட்டை வைப்போம். பெரும்பாலானவை செத்துப்போகும். பிழைத்தவற்றுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தக் கதவு உடைந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தட்டிப் பார்ப்போம்.

எங்கள் தலைமை ஆய்வாளரை எல்லோரும் டாக்டர் என்று மட்டுமே சொல்வோம். யாழ்ப்பாண வழிக் குடும்பம். அப்பாவும் அப்பாவின் அப்பாவும் அரசாங்க உத்தியோகம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பேச்சு குறைவு. அவர் வைத்திருந்த ஒரு வழக்கம் வேறெந்த ஆய்வகத்திலும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஈஸ்ட் வகைக்கும் அதற்கே உரிய மூன்று குடுவைகள். வகையின் எண்ணை வைரமுனைப் பேனாவால் கண்ணாடியில் கீறிவிடுவோம். அந்த வகை உயிரோடிருக்கும்வரை அந்த மூன்றில் வேறெதுவும் வளரக்கூடாது. "ஆற்ற வீட்டில ஆர் இருக்கினம் எண்டு தெரியோணும், பிள்ளை," என்பார். யார் வீட்டில் யார் என்று தெரிய வேண்டுமாம்; ஒன்று மற்றொன்றோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. நல்ல வழக்கம்தான். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டுக்குக் கிள்ளானில் இருக்கும் வீட்டுக்குப் போனவள், காய்ச்சலில் படுத்து நான்கு நாள் தாமதமாகத் திரும்பினேன். நைட்ரஜன் குறைவான நீர்மத்தில் ஆடிக்கொண்டிருந்த குடுவைகளை மற்றவர்கள் நிறுத்தி எடுத்து வைத்திருந்தார்கள். நாற்பத்தேழாம் எண் மட்டும் ஷேக்கரின் கடைசி மூலையில் யார் கண்ணிலும் படாமல் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று குடுவையின் சுவரிலும் பழுப்புப் பிசுக்கு அப்பிக் காய்ந்துபோயிருந்தது.

கண்ணாடி கழுவும் சரசு அக்காவிடம் அவற்றை நீட்டினேன். செராஸிலேயே ஒரு கம்பத்தில், பலகை வீடுகள் நெருங்கிய குடியிருப்பில், இருந்தவர். ஆய்வகத்தில் எனக்கு முன்பே பத்து வருடம் இருந்தவர்.

"அக்கா, இது ரொம்பப் பிசுக்கா இருக்கு. நல்லா சோப்பு போட்டுத் தனியா கழுவுங்க."

"நாப்பத்தேழா? சரிமா. தனி பேசின் வச்சிடுறேன் லா."

சிவப்புப் பிளாஸ்டிக் பேசின் ஒன்று வாங்கி வந்தார். அவ்வளவுதான். ஒரு நிமிடப் பேச்சு. நான் மறந்துபோனேன். அக்கா மறக்கவில்லை.

அடுத்த சுற்றில் நைட்ரஜன் நிறைந்த நீர்மத்தில் எல்லா வகைகளையும் வளர்த்தேன். இப்போது கதவு மூடியிருக்க வேண்டும், சோப்பு வரக்கூடாது. அளக்கும் முறை எளிது. மெல்லிய பிளாட்டின வளையம் ஒன்றை நீர்மத்தில் அமிழ்த்தி மெல்ல மேலே இழுப்போம். வெறும் தண்ணீர் லேசில் விடாது. வளையத்தோடு கூடவே எழும்பி, மெலிந்து, கடைசிவரை பற்றிக்கொண்டிருந்து, பிறகுதான் அறுந்து விழும். சோப்பு கலந்த தண்ணீர் சீக்கிரமே கைவிட்டுவிடும். எவ்வளவு இழுக்க வேண்டியிருந்தது என்று முள் காட்டும். எல்லா வகைகளும் பற்றிக்கொண்டன. புற ஊதா விளக்கே படாத தாய் வகையும் பற்றிக்கொண்டது. நாற்பத்தேழு விட்டுவிட்டது.

மறுபடி செய்தேன். விட்டுவிட்டது. மூன்றாம் முறை, நான்காம் முறை. ஒவ்வொரு முறையும் அதே பதில். பொய் தடுமாறும், மாற்றிப் பேசும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பொய் அத்தனை ஒழுங்காக இருந்தது.

டாக்டர் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "கதவு உடைஞ்சிட்டுது," என்றார். அவர் வாயில் அது ஒரு கச்சேரி மாதிரி.

இதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் நடக்கும் என்பதால். அதுவரை நான் கேன்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். நாற்பத்தேழுக்குப் பிறகு என் மேசைக்கு ஆட்கள் வந்தார்கள். பக்கத்துப் பிரிவில் நைட்ரஜன் அளக்கும் சந்திரா, நான்கு வருடமாகத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனவள், ஒரு வெள்ளிக்கிழமை என்னைத் தன் காரில் பங்சாருக்குக் கூட்டிப்போனாள். வெள்ளிக்கிழமைகளில் மலாய் நண்பர்கள் தொழுகைக்குப் போவதால் மதிய இடைவேளை நீளும். வாழை இலையில் சோறு, மீன் தலைக் கறி, காருக்குள் நான்கு பேரின் சிரிப்பு. பின்னிருக்கையில் நடுவில் எனக்கு இடம். அடுத்த வெள்ளியும் அதே இடம். அதற்கடுத்த வெள்ளியும். இருபத்தொன்பது வயதில் அந்த நடு இருக்கைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தேன் என்று எழுத இன்றும் கை கூசுகிறது. ஆனால் அதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்காது.

பினாங்கிலிருந்து ஒரு மாணவி கடிதம் எழுதினாள். தன் மேற்படிப்புக்கு நாற்பத்தேழைக் கொடுக்க முடியுமா, உடைந்த மரபணு எது என்று தேடிப் பார்க்க ஆசை என்று. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஆட்கள் திங்கட்கிழமை வருவதாக முடிவானது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஈஸ்ட்டைப் பெருமளவில் வளர்க்க ஒரு பெரிய நொதிகலன் வரும். அதோடு என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். டாக்டர் அதை வாய்விட்டே சொன்னார். வருடக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது; இது நடக்காவிட்டால் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு இடமில்லை.

"திங்கட்கிழமை அவை வாறினம். முள்ளைப் பாத்து ஒருத்தரும் கை தட்ட மாட்டினம். ஒரு சின்னப் போத்தல் வேணும், பிள்ளை. கண்ணால பாக்கிற மாதிரி. ஒரு தேக்கரண்டி காணும், அதுக்கு மேல வேண்டாம்."

நைட்ரஜன் நிறைந்த நீர்மத்தில் நாற்பத்தேழு செய்த சோப்பைப் பிரித்து எடுத்து, சின்னச் சீசாவில் அடைத்துத் தர வேண்டும். அதுவரை நான் அளந்தேனே தவிர, எடுத்ததில்லை. எடுக்கத் தோன்றவில்லை. முள் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பிரித்தெடுத்தேன். கரைப்பானை ஆவியாக்கிவிட்டுப் பார்த்தால் கண்ணாடியின் அடியில் ஒரு மங்கல். விரல்ரேகை அளவு. தேன் இல்லை, பிசுக்கு இல்லை. இரண்டாவது குடுவை. அதே மங்கல். மூன்றாவது. முள் இருக்கிறது என்கிறது. சீசா இல்லை என்கிறது.

பன்னிரண்டரைக்குக் கட்டடம் காலியாகத் தொடங்கியது. சந்திரா கதவருகே கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"வரியா இல்லையா? லேட்டா போனா மீன் தல முடிஞ்சிரும்."

"நீங்க போங்க. எனக்கு இது முடியல."

"எப்பப் பாத்தாலும் ஈஸ்ட்டு. அது ஓடியா போயிரப் போவுது?"

"இன்னைக்கு ஓடிரும் போல இருக்கு."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். படியில் அவர்கள் குரல் இறங்கிப்போவது கேட்டது. கார் கிளம்பியது. பிறகு ஷேக்கர்கள் மட்டும்.

ஏன் அதைச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. அறிவு அல்ல, கைகளுக்கு வேறு வேலை இல்லை. காலையில் காலி செய்தபின் கழுவி, உலர்த்தி, அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு நாற்பத்தேழை எடுத்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரை அதில் ஊற்றினேன். ஈஸ்ட் இல்லை, எண்ணெய் இல்லை, ஒன்றுமே இல்லை. கையால் சுழற்றினேன். கழுத்தோரம் நுரை கட்டியது. சின்னச் சின்னக் குமிழிகள், வட்டமாக, அழகாக, உடையாமல் நின்றன.

தாய் வகையின் குடுவையில் அதே தண்ணீரை ஊற்றிச் சுழற்றினேன். தெளிந்து கிடந்தது.

நான் தேடியதும் சோப்பு. கிடைத்ததும் சோப்பு. சரசு அக்காவின் சோப்பு. நான் சொன்னதற்காக மூன்று மாதமாக அந்த மூன்று குடுவைகளை மட்டும் சிவப்புப் பேசினில் தனியாக ஊறவைத்து, கெட்டியாகச் சோப்பு போட்டுக் கழுவியிருக்கிறார். அலசினாலும் கண்ணாடியில் கொஞ்சம் ஒட்டி நின்றிருக்கிறது. அடுத்த சுற்றில் அது நீர்மத்தில் கரைந்து வளையத்தைக் கைவிடச் செய்திருக்கிறது. நான் எத்தனை முறை திரும்பச் செய்தாலும் அதே குடுவை, அதே பேசின், அதே பதில். ஈஸ்ட்டின் கதவு இறுக மூடியே இருந்தது. ஆரம்பத்திலேயே ஒரு குடுவையில் ஈஸ்ட் போடாமல், வெறும் நீர்மத்தை மட்டும் மற்றவற்றோடு ஆடவிட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். முதலாண்டு மாணவிக்குக்கூடத் தெரிந்த விஷயம். தாய் வகை இருக்கிறதே, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டேகால் மணி நேரம் எனக்குத் தனியாகக் கிடைத்தது. அதில் முதல் அரைமணி நேரம் நான் யோசித்தது என்ன என்று மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு ஒரு வழி தெரிந்தது. கௌரவமான வழி. இப்படி விளக்கில் மாறிய வகைகள் நிலையில்லாதவை. சில தலைமுறைகளில் பழையபடி திரும்பிவிடும். எல்லா ஆய்வகத்திலும் நடப்பது. குடுவைகளை நன்றாக அலசிவிட்டு, இன்னொரு முறை அளந்து, "டாக்டர், நாற்பத்தேழு திரும்பிப் போய்விட்டது" என்று உதட்டைப் பிதுக்கினால் போதும். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அனுதாபப்படுவார்கள். மறுபடி தேடு என்று இன்னும் இரண்டு வருடம் கொடுக்கக்கூடச் செய்வார்கள். காரில் நடு இருக்கையும் இருக்கும்.

குழாயைத் திறந்து, குடுவையை அதன் கீழே பிடித்தும்விட்டேன்.

என்னைத் தடுத்தது நேர்மை என்று சொல்ல ஆசைதான். அது அல்ல. மேசைமேல் பினாங்குக்காரியின் கடிதம் கிடந்தது. சாய்ந்த கையெழுத்து, ஒவ்வொரு வரியும் வலப்பக்கம் மேலே ஏறும். திரும்பிப் போய்விட்டது என்று நான் எழுதினால், முன்பு ஒரு காலத்தில் இருந்தது என்று அவள் நம்புவாள். இருந்ததைத் தேடுவாள். இல்லாத ஒரு உடைந்த கதவைத் தேடி, எங்கோ ஒரு ஷேக்கர் அறையில், மூன்று வருடம். அந்த அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

குழாயை மூடினேன்.

டாக்டர் மூன்று மணிக்கு வந்தார்.

"என்ன பிள்ளை, போத்தல் எங்க?"

"போத்தல் இல்ல டாக்டர்."

குடுவையைக் காட்டினேன். தண்ணீரை ஊற்றிச் சுழற்றினேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தானே வளையத்தை இறக்கி மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் விட்டுவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். வேறு யாரோ மாதிரி இருந்தது.

"இதை நீர் அவை வந்து போனாப் பிறகு, செவ்வாய்க்கிழமை கண்டுபிடிச்சிருக்கலாம்."

"ஆமா டாக்டர்."

"திரும்பிப் போச்சுது எண்டு சொல்லலாம்தானே. நம்புவினம்."

"நம்புவாங்க. அப்புறம் தேடுவாங்க."

கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். படித்தார். மடித்து வைத்தார். அடுத்த அறையில் சரசு அக்கா பாத்திரங்களை அலசிக்கொண்டிருந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் கதவு கிடையாது.

"குடுவையைக் கழுவினது ஆர்?"

அடுத்த அறையில் தண்ணீர் நின்றது. கழுவுகிறவர்கள் தினக்கூலி. ஒரு வார்த்தையில் அனுப்பிவிடலாம். அதோடு விஷயம் முடியும்; எல்லோருக்கும் வசதி. நான் ஏமாந்தவள் ஆவேன். டாக்டர் ஏமாந்தவர் ஆவார். தவறு சிவப்புப் பேசினோடு வீட்டுக்குப் போய்விடும்.

"கழுவச் சொன்னது நான்."

"நான் கேட்டது அது இல்லை."

"தெரியும் டாக்டர். சொன்ன மாதிரிதான் கழுவுனாங்க. வெறும் குடுவை வைக்காதது நான். மூனு மாசம் நோட்டைப் பாத்துட்டு ஏன் வைக்கலன்னு நீங்களும் கேக்கல."

கடைசி வாக்கியம் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அப்ப நோட்டில எங்கட ரெண்டு பேரையும் எழுதும்," என்றார். "திங்கட்கிழமை நீரே சொல்லும். நான் பக்கத்தில நிப்பன்."

நின்றார். அதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவருடைய பெயரைச் சொல்ல அவர் விரும்பியிருக்க மாட்டார்; நின்றதைச் சொல்லலாம். வந்தவர்கள் இருவர். நான் வெறும் தண்ணீரைக் குடுவையில் ஊற்றிச் சுழற்றி, நுரையைக் காட்டி, இதுதான் எங்கள் கண்டுபிடிப்பு என்றேன். ஒருவர் குடுவையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். தேநீர் குடித்தார்கள். கைகுலுக்கினார்கள். நொதிகலன் வரவில்லை. பினாங்குக்கு நான் எழுதிய பதில் நான்கு வரி. அவளிடமிருந்து பதில் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை.

ஆனால் அதற்கு முன், அந்த வெள்ளிக்கிழமை மாலை, டாக்டர் போன பிறகு, சரசு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"எம்மேல கம்ப்ளைன் போட்டுட்டாங்களா, மா?"

"இல்லக்கா."

"உங்க போத்தலுன்னு ரெண்டு வாட்டி சோப்பு போட்டேன்மா. மத்தவங்களுதுக்கு ஒரு வாட்டிதான்."

"தெரியும்க்கா. அதான்."

"நல்லா கழுவுனா தப்பா லா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு விளக்கினேன். ஈஸ்ட், மரபணு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, குடுவையில் தண்ணீரை மட்டும் சுழற்றிக் காட்டினேன். அவர் நுரையைக் குனிந்து பார்த்தார். ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். எனக்கு மூன்று மாதம் ஆனது.

"அப்ப இனிமே?"

"எல்லாத்தையும் ஒரே மாதிரி கழுவுங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு குடுவையில ஒன்னும் போடாம மத்ததோட ஆட விடுவோம். தப்பு வந்தா அது காட்டிக் கொடுத்துரும்."

"எதை விடறது?"

யோசிக்காமல் சொன்னேன். "நாப்பத்தேழையே விடுங்க. அதுல இனிமே போட ஒன்னுமில்ல."

"பாவம்," என்றார் அக்கா. யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

யாரும் என்னை ஒதுக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சந்திரா வந்து தோளில் கை வைத்து, "விடு, யாருக்கும் நடக்கும்," என்றாள். அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அவள் தங்கை ஊரிலிருந்து வந்திருந்ததால் காரில் இடம் இல்லை. அடுத்த வெள்ளி எனக்கே வேலை இருந்தது. அதற்கடுத்த வெள்ளி இருவரும் மறந்துவிட்டோம். கேன்டீனில் அந்தச் சுவர் அங்கேயேதான் இருந்தது.

வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. ஆராய்ச்சியில் இடமில்லை என்றார்கள். கழிவுநீர் சோதனைக்கு ஆள் வேண்டும், போகிறாயா என்றார்கள். டாக்டர் கேட்டு வாங்கித் தந்த இடம் அது என்று பின்னால் தெரிந்தது. அந்தக் காப்பார் ஆலைதான். அந்தக் குளம்தான். கரையில் தகரக்கூரை போட்ட ஒற்றை அறை, ஒரு சின்ன ஷேக்கர், சன்னல் வழியே தூரத்தில் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருவேன். காலையில் ஆலைக்காரர் ஒருவர் சீசாக்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். மாலையில் இன்னொருவர் தாளை வாங்கிக்கொண்டு போவார். நடுவில் யாரும் இல்லை. மழை தகரத்தில் பெய்யும்போது யாரோ கூட்டமாக வந்திருப்பதுபோல இருக்கும். நின்றதும் எழுந்து போய்விடுவார்கள்.

குளத்தின் மூலையில் அந்த நுரை இருந்துகொண்டே இருந்தது. சில நாள் குச்சியால் தொட்டுப் பார்ப்பேன். பசித்தால் மட்டும் செய்கிற அந்தத் தாய் வகை. அதன் கதவு எப்படித் திறக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை இனி என்னுடையது இல்லை. ஆனாலும் என் சின்ன ஷேக்கரில், யாரும் கேட்காத சோதனைகளுக்கும்கூட, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றும் போடாத ஒரு குடுவை ஆடியது. அதில் எப்போதும் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத் தினமும் அளந்து எழுதினேன். வளையத்தைக் கடைசிவரை பற்றிக்கொண்டு, மெலிந்து, அறுந்து விழும் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு துணைதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், சில மாதிரிகளை நேரில் கொடுக்கச் செராஸ் ஆய்வகத்துக்குப் போனேன். டாக்டர் ஓய்வு பெற்றிருந்தார். சரசு அக்காவும் வேலையை விட்டிருந்தார். சந்திரா வேறு வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஷேக்கர் அறையில் உங்களைப் போல ஒருத்தி, இருபத்துமூன்று வயது இருக்கும், வெள்ளைக் கோட்டின் கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். சும்மா எட்டிப் பார்த்தேன். வரிசையாகக் குடுவைகள். எல்லாம் புதியவை, ஒட்டுத்தாள் பெயர்களோடு. கடைசி மூலையில் ஒன்று மட்டும் பழையது. கழுத்தருகே கண்ணாடியில் கீறிய எண். கீறிய ஏழின் கால் கொஞ்சம் வளைந்திருக்கும். அன்று பேனா வழுக்கிவிட்டது.

கை தன்னால் நீண்டது.

"ஆன்ட்டி, அதத் தொடாதீங்க," என்றாள் அந்தப் பெண். "அது நாப்பத்தேழு. அதுல எதுவும் போடக்கூடாது. சும்மா மத்ததோட ஆடும்."

"எதுக்கும்மா சும்மா ஆடணும்?"

"அதுதான் கன்ட்ரோல் ஆன்ட்டி. தப்பு இருந்தா அது காட்டிக் கொடுத்துரும்." பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "இங்க எந்தச் சுத்துக்கும் அது இல்லாம ஓட்ட மாட்டோம்."

"ஏன் நாப்பத்தேழுன்னு பேரு?"

"தெரியல ஆன்ட்டி. முன்னாடி இங்க கழுவுற அக்கா ஒருத்தங்க சொல்லிட்டுப் போனாங்களாம். அப்படியே வருது."

தலையை ஆட்டினேன். நான் யார் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவள் அவ்வளவு சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். எல்லாக் குடுவைகளிலும் ஏதோ வளர்ந்துகொண்டிருந்தது. அது ஒன்றுமில்லாமல் மற்றவற்றோடு ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மினி பஸ் பிடித்துத் திரும்பினேன்.

எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அதை மாற்ற வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளுங்கள். குடுவை உடைந்தால் வேறொன்றை வையுங்கள். கதையை மறந்தாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றும் வளரவில்லையே என்று அலட்சியமாகக் கழுவாதீர்கள். மற்றவை எல்லாம் அதை நம்பித்தானே இருக்கின்றன என்று விசேஷமாகவும் கழுவாதீர்கள். மற்றக் குடுவைகளுக்கு எத்தனை முறையோ, அதற்கும் அத்தனை முறை. மற்றவற்றோடு சேர்த்தே ஊற வையுங்கள். தனிப் பேசின் வேண்டாம்.